குருவிக்கும் ஒரு பங்கு

நுழையும்முன்

விளைந்ததை எல்லாம் தமக்கே என்று அள்ளிக்கொள்ளாத வாழ்க்கைமுறை காவிரிப் படுகையில் இருந்தது. அறுவடை முடிந்ததும் பறவைக்கென ஒரு பங்கு வீட்டு வாயிலில் தொங்கியது. அப்பங்கின் பெயர் கதிர்க்குஞ்சம். அதனைக் கட்டும் முறையையும், அதன் பின்னிருந்த வாழ்க்கையையும், இன்று அதனை மீட்டெடுக்கும்போது கருத்தில் கொள்ள வேண்டியவற்றையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வயலில் காவல், வீட்டில் விருந்து

பறவைக்கும் உழவருக்கும் உள்ள உறவு இருமுகம் கொண்டது. சங்க இலக்கியம் காட்டும் குறிஞ்சி நிலப் பெண்கள், தினைப்புனத்தில் பரண்மீது அமர்ந்து, தட்டை, குளிர் முதலிய கருவிகளை ஒலித்தும் கவண் வீசியும் கிளிகளை ஓட்டினர். அதே இலக்கியத்தில்தான், பாரியின் பறம்புமலையை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது, கபிலர் பறவைகளைப் பழக்கி நெற்கதிர்களைக் கொண்டுவரச் செய்தார் என்னும் செய்தியும் இடம்பெறுகிறது. ஓட்டப்பட்ட பறவையே ஓரிடத்தில் உயிர்காத்த துணையாகவும் போற்றப்பட்டது.

காவிரிப் படுகையின் நெல்வயல்களிலும் இந்த இருமுகத்தைக் காணலாம். கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் சில்லைகளும் தூக்கணாங்குருவிகளும் சிட்டுக்குருவிகளும் கூட்டமாக வந்து இறங்கும். அப்போது உழவர் தகரம் தட்டியும் ஒளிநாடா கட்டியும் அவற்றை விரட்டுவர். ஆனால், பயிர் வளரும் பருவத்தில் அவர்களே வயலில் குச்சிகளை நட்டுப் பறவைத் தாங்கிகளை அமைப்பதும் உண்டு. கரிச்சான் முதலிய பறவைகள் அவற்றில் அமர்ந்து, பயிரைத் தாக்கும் பூச்சிகளைப் பிடித்து உண்ணும். பறவை தின்னும் நெல்லையும் அது காக்கும் நெல்லையும் சேர்த்தே எண்ணிப் பார்த்தவர் உழவர்.

இக்கணக்கை மறந்தால் நேர்வது என்ன என்பதற்குச் சீன நாட்டின் வரலாறு சான்றாகும். 1958ஆம் ஆண்டு அந்நாடு தொடங்கிய 'நான்கு தீங்குயிர்' ஒழிப்பு இயக்கத்தில் எலி, ஈ, கொசு ஆகியவற்றுடன் சிட்டுக்குருவியும் சேர்க்கப்பட்டது. மக்கள் பறைகளையும் பாத்திரங்களையும் தட்டி, குருவிகளை அமரவிடாமல் துரத்திக் கொன்றனர். குருவிகள் மறைந்தபின் பயிரைத் தின்னும் பூச்சிகள் பெருகின. 1960ஆம் ஆண்டு குருவி அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, அதன் இடத்தில் மூட்டைப்பூச்சி சேர்க்கப்பட்டது.

கதிர்க்குஞ்சம்

குறுவை, சம்பா, தாளடி என்னும் நெற்பருவங்களைக் கொண்டது காவிரிப் படுகை. அவற்றுள் சம்பா நெல் பெரும்பாலும் தை மாதத்தையொட்டி அறுவடைக்கு வரும். நல்ல விளைச்சல் கண்ட வயலில் முற்றிய கதிர்களைத் தாளுடன் தேர்ந்தெடுத்து, பின்னிக் கட்டி, வீட்டின் வாயிலிலோ தாழ்வாரத்திலோ முற்றத்திலோ தொங்கவிடுவர். கோயில்களிலும் இவ்வாறு தொங்கவிடும் வழக்கம் உண்டு. இதனைக் கதிர்க்குஞ்சம் என்றும் நெற்குஞ்சம் என்றும் கூறுவர். அண்டை மாநிலமாகிய கேரளத்தில் இதனையொத்த கட்டு கதிர்க்குலை எனப்படுகிறது.

குஞ்சம் புதுநெல்லை வரவேற்கும் மங்கலப் பொருள். வீட்டுக்கு அழகு தரும் கைவினைப் பொருள். எல்லாவற்றுக்கும் மேலாக, குருவிகள் தொற்றி அமர்ந்து கொத்தித் தின்னும் உணவுக்கலம். தாளே கொடியாகவும் கதிரே கிண்ணமாகவும் அமைவதால், இதற்கு வேறொரு கலம் தேவைப்படுவதில்லை. நெல் தீர்ந்தபின் எஞ்சும் வைக்கோலும் வீணாவதில்லை. அதனைக் குருவிகள் கூடு கட்ட உருவிச் செல்லும்.

பறவைக்குப் பங்களிக்கும் எண்ணம் இப்பகுதியின் பிற வழக்கங்களிலும் படிந்துள்ளது. நாள்தோறும் உண்பதற்குமுன் காக்கைக்குச் சோறு வைப்பதும், அரிசிமாவால் கோலமிட்டு எறும்புக்கு உணவாக்குவதும் அத்தகையன. பொங்கலுக்கு மறுநாள் காலையில், பெண்கள் தம் உடன்பிறந்தோர் நலம் வேண்டி, மஞ்சள் இலையில் வண்ணச் சோற்றுருண்டைகளைப் பறவைகளுக்காக வைக்கும் கனுப்பிடிச் சடங்கும் அவற்றுள் ஒன்று.

வீடே ஓர் உணவுக்கலம்

குருவிகளின் உணவு குஞ்சத்தோடு முடிந்துவிடவில்லை. பழைய உழவர் வீட்டில் நெல் பல நிலைகளைக் கடந்தே சோறாயிற்று. அறுத்த கதிர்கள் கட்டுகளாகக் களத்தை அடைந்தன. அங்கே கதிரடித்து, போரடித்து, காற்றில் தூற்றியபோது மணிகள் சிதறின. வாசலில் நெல் காய்ந்தது. உரலில் குத்தி முறத்தில் புடைத்தபோது நொய்யும் தவிடும் முற்றத்தில் உதிர்ந்தன. குதிரிலும் பத்தாயத்திலும் ஆண்டு முழுவதும் நெல் இருந்தது. வீட்டின் ஒவ்வொரு மூலையும் குருவிக்கு உணவளித்தது.

உறைவிடமும் அங்கேயே கிடைத்தது. ஓட்டுக்கூரையின் இடுக்கு, உத்தரத்தின் மேற்புறம், சுவரில் மாட்டிய படத்தின் பின்புறம், கிணற்றுச் சுவரின் பொந்து ஆகியவற்றில் குருவிகள் கூடு கட்டின. வேலிச்செடிகளிலும் மாட்டுக்கொட்டிலிலும் எருக்குழியிலும் குஞ்சுகளுக்கு வேண்டிய பூச்சிகள் கிடைத்தன.

மனிதனோடு ஒட்டி வாழும் இப்பண்பு சிட்டுக்குருவியின் உடலிலேயே பதிந்துள்ளது. அதன் மரபணுக்களை மனிதரைச் சாராது வாழும் நெருங்கிய உறவினக் குருவியின் மரபணுக்களோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2018ஆம் ஆண்டு வெளிவந்தது. மாவுப்பொருளைச் செரிக்க உதவும் அமைலேசு நொதி தொடர்பான மரபணுப் பகுதியில், வேளாண்மைக்கு ஏற்ற தகவமைப்பின் தடயங்கள் வீட்டுக்குருவியிடம் காணப்படுவதாக அவ்வாய்வு தெரிவித்தது. மனிதன் தானியம் விளைவிக்கத் தொடங்கியபின், அத்தானியத்தை உண்டு வாழும் உயிராகக் குருவியும் மாறியுள்ளது.

இன்று அந்த வீடு மாறிவிட்டது. அறுவடை இயந்திரம் வயலிலேயே கதிரை அறுத்து, மணியைப் பிரித்துத் தந்துவிடுகிறது. நெல் களத்தையும் வீட்டையும் தொடாமல் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை அடைகிறது. அரிசியோ கல்லும் குருணையும் நீக்கப்பட்டுப் பைகளில் திரும்பி வருகிறது. காங்கிரீட் கூரையில் இடுக்குகள் இல்லை. முற்றம் மூடப்பட்டுவிட்டது. இவை மனித உழைப்பைக் குறைத்த மாற்றங்கள். எவரும் குருவியை விரட்ட எண்ணிச் செய்தவை அல்ல. ஆயினும், முன்பு கேளாமலே கிடைத்த பங்கு இப்போது குருவிக்குக் கிடைப்பதில்லை.

குறைந்தது எங்கே?

சிட்டுக்குருவி அழிந்துவருகிறது என்றும், அதற்குக் கைப்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சே காரணம் என்றும் பரவலாக நம்பப்படுகிறது. இக்கருத்தைச் சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். 'இந்தியப் பறவைகளின் நிலை' என்னும் அறிக்கை 2020ஆம் ஆண்டு வெளிவந்தது. பறவை ஆர்வலர்கள் பதிவுசெய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட குறிப்புகளைக் கொண்டு 867 பறவையினங்களின் நிலை அதில் ஆராயப்பட்டது. நாடு முழுமைக்கும் நோக்கும்போது, சிட்டுக்குருவியின் எண்ணிக்கை 25 ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரும்பாலும் நிலையாக இருப்பதாகவும், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் குறைந்து வருவதாகவும் அவ்வறிக்கை கூறியது. கைப்பேசிக் கோபுரமே காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்றும், பூச்சி உணவும் கூடுகட்டும் இடமும் குறைந்தமை காரணங்களாக இருக்கலாம் என்றும் அது சுட்டியது.

இம்முடிவு ஒருபுறம் ஆறுதல் தருகிறது. மறுபுறம் பொறுப்பையும் உணர்த்துகிறது. கோபுரம்தான் காரணம் என்றால் தனிமனிதர் செய்வதற்கு அதிகம் இல்லை. உணவும் உறைவிடமும் காரணம் என்றால் ஒவ்வொரு வீடும் செய்யத்தக்க பணி உண்டு.

தெரிந்து தெளிவோம்

இந்திய அஞ்சல்துறை 2010ஆம் ஆண்டு புறாவையும் சிட்டுக்குருவியையும் சித்திரித்து அஞ்சல்தலைகள் வெளியிட்டது. உலகச் சிட்டுக்குருவி நாள் அதே ஆண்டு முதல் மார்ச் 20ஆம் நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. சிட்டுக்குருவியைத் தில்லி தன் மாநிலப் பறவையாக 2012ஆம் ஆண்டு அறிவித்தது. சிவகங்கை மாவட்டம் பொத்தகுடி என்னும் சிற்றூரில், தெருவிளக்கின் மின்விசைப் பெட்டிக்குள் ஒரு பறவை கூடு கட்டி முட்டையிட்டதால், 2020ஆம் ஆண்டு ஊர்மக்கள் ஒரு மாதத்திற்கும் மேலாகத் தெருவிளக்குகளை ஏற்றாமல் இருளில் வாழ்ந்தனர்.

குஞ்சம் கட்டும் முறை

கதிர்க்குஞ்சம் கட்டுவதற்குக் கத்தரியும் நாரும் பொறுமையும் போதும்.

கதிரைத் தேர்தல்: மணிகள் பொன்னிறம் அடைந்து, தாளில் சிறிது பசுமை எஞ்சியிருக்கும் நிலையே ஏற்றது. மிகவும் முற்றிவிட்டால் பின்னும்போதே மணிகள் உதிரும், தாளும் ஒடியும். கதிரின் கழுத்துக்குக் கீழே ஒரு முழம் தாள் இருக்குமாறு அறுத்துக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் போன்ற மரபு நெல்வகைகள் உயர்ந்து வளர்பவை. அவற்றின் நீண்ட தாள் பின்னுவதற்கு எளிது. இத்தகைய நெல்வகைகள் பலவற்றைத் தேடித் திரட்டி, திருத்துறைப்பூண்டிக்கு அருகிலுள்ள ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, உழவரிடையே மீண்டும் பரப்பியவர் 2018ஆம் ஆண்டு மறைந்த நெல் செயராமன்.

பதப்படுத்தல்: தாளைச் சுற்றியுள்ள சோகையை உரித்துவிட வேண்டும். தாள்மீது நீர் தெளித்து, ஈரத்துணியில் சிறிது நேரம் சுற்றி வைத்தால் அது ஒடியாமல் வளையும். கதிர்மணிகள் நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பின்னுதல்: மூன்று கதிர்களை ஒன்றுசேர்த்து, கழுத்துக்குக் கீழே வாழைநாரால் கட்ட வேண்டும். அவற்றின் தாள்களைச் சடை பின்னுவதுபோல் பின்னத் தொடங்கி, ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு புதிய கதிரைச் சேர்க்க வேண்டும். புதிய கதிர்கள் அனைத்தும் ஒரே பக்கமாகத் தொங்குமாறு அமைதல் முதன்மையானது. இவ்வாறு பின்னினால், மேற்புறம் தாள்பின்னலும் கீழ்ப்புறம் கதிர்வரிசையுமாக ஒரு நீண்ட பட்டை கிடைக்கும்.

சுருட்டிக் கட்டல்: அப்பட்டையைச் சுருளாகச் சுற்றினால், கதிர்கள் சுற்றிலும் அடுக்கடுக்காகத் தொங்கிக் குஞ்சத்தின் வடிவம் பெறும். சுருள் பிரியாதவாறு குறுக்கும் நெடுக்கும் நாரால் தைத்து இறுக்கி, மேலே தென்னைநார்க் கயிற்றைக் கட்ட வேண்டும். இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்தியபின் தொங்கவிடலாம். ஈரம் எஞ்சினால் பூஞ்சணம் படரும்.

தொங்கவிடல்: மழைச்சாரல் படாத தாழ்வாரத்தில், பூனை தாவ இயலாத உயரத்தில் தொங்கவிட வேண்டும். சிறு தொலைவில் செம்பருத்தி, மருதாணி போன்ற செடி இருந்தால், அச்சம் நேரும்போது குருவிகள் அதில் ஒளிந்துகொள்ளும். பெரிய கண்ணாடிச் சாளரத்துக்கு எதிரே தொங்கவிடுதல் கூடாது. வானத்தின் நிழலைக் கண்ணாடியில் கண்டு பறவைகள் மோதிக்கொள்ளக்கூடும். குஞ்சத்தை நம்பிப் பறவைகள் வரச் சில நாள்கள், சிலபோது சில வாரங்கள் ஆகலாம். அடிக்கடி இடம் மாற்றாதிருத்தல் நன்று.

ஒன்றில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. விதைப்பதற்கென மருந்து கலந்து விதைநேர்த்தி செய்த நெல்லையும், அறுவடையை ஒட்டிப் பூச்சிக்கொல்லி தெளித்த கதிரையும் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. விருந்தென்று வைத்தது நஞ்சாகிவிடும்.

கொட்டாங்கச்சியும் மண்தட்டும்

கதிர் கிடைக்காத காலத்திலும் நகரத்திலும் வேறு எளிய கலங்களை அமைக்கலாம். தேங்காயின் பாதிக் கொட்டாங்கச்சியை நார் நீக்கித் தூய்மை செய்து, விளிம்பையொட்டி மூன்று துளைகளும் மழைநீர் வடிய அடியில் ஒரு சிறு துளையும் இட வேண்டும். மூன்று துளைகளிலும் கயிறு கோத்து மேலே ஒன்றாக முடிந்தால் உறி போன்ற கலம் கிடைக்கும். அதில் கம்பு, தினை, நொய்யரிசி ஆகியவற்றை ஒருநாள் தேவைக்கு மட்டும் இடலாம். உப்பும் எண்ணெயும் கலந்த உணவு பறவைக்கு ஒவ்வாது.

எல்லாப் பறவையும் தானியம் உண்பதில்லை. கொண்டைக்குருவி பழத்தை நாடும். மைனா பழத்தையும் பூச்சியையும் உண்ணும். தையல்சிட்டு பூச்சியைத் தேடும். தேன்சிட்டு பூவின் தேனை உறிஞ்சும். ஆகவே, கனிந்த வாழைப்பழத் துண்டு ஒன்றையும் வைத்தால் விருந்தினர் வகை பெருகும். தையல்சிட்டுக்கும் தேன்சிட்டுக்கும் செடியே உணவுக்கலம். ஒரு செம்பருத்திச் செடியை நடுவது பல கலங்களை அமைப்பதற்கு நிகர்.

கோடையில் உணவினும் நீர் இன்றியமையாதது. ஆழமற்ற மண்தட்டில் நீர் ஊற்றி, நடுவில் ஒரு கல்லை வைத்தால், சிறு பறவைகள் அதன்மேல் அமர்ந்து அச்சமின்றிப் பருகும். தேங்கிய நீரில் கொசு முட்டையிட்டு ஒரு வார அளவில் முழுவளர்ச்சி அடைந்துவிடும். எனவே, தட்டை நாள்தோறும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவிப் புதுநீர் ஊற்றுதல் கட்டாயம்.

தூய்மை இல்லாத விருந்து

பல பறவைகள் ஓரிடத்தில் கூடி உண்ணும்போது, ஒன்றின் நோய் மற்றொன்றுக்கு எளிதில் பரவும். பிரிட்டனில் தோட்டங்களில் பறவைகளுக்கு உணவு வைக்கும் வழக்கம் பெருமளவில் உண்டு. அங்கே 2005ஆம் ஆண்டு முதல் டிரைக்கோமோனாசு என்னும் ஒட்டுண்ணியால் ஏற்படும் நோய் பசும்பிஞ்சுக் குருவிகளிடையே பரவி, அவற்றின் எண்ணிக்கையைப் பெரிதும் குறைத்தது. உணவுக்கலங்களில் கூடுவது நோய் பரவ வழிவகுத்ததாக ஆய்வாளர் கருதுகின்றனர்.

பழைய மரபில் இதற்கொரு தீர்வு தானாகவே அமைந்திருந்தது. குஞ்சம் சில வாரங்களில் தீர்ந்துவிடும். அடுத்த குஞ்சம் அடுத்த அறுவடையில்தான். ஆண்டு முழுவதும் நிரப்பப்படும் கலத்துக்கு அத்தகைய இடைவெளி இல்லை. எனவே, வாரம் ஒருமுறை கலத்தை வெந்நீரில் கழுவி வெயிலில் உலர்த்துவதும், எச்சம் படிந்த தானியத்தை அகற்றுவதும், சோர்ந்த பறவைகள் தென்பட்டால் சில வாரம் உணவு வைப்பதை நிறுத்துவதும் உணவிடுவோர் கடமைகளாகும்.

தானியம் மட்டும் போதுமா?

முதிர்ந்த சிட்டுக்குருவி தானியம் உண்டு வாழும். ஆனால், அதன் குஞ்சு முதல் நாள்களில் தானியத்தால் வளர்வதில்லை. உடல் வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் பெற, தாய்க்குருவியும் தந்தைக்குருவியும் புழுக்களையும் பூச்சிகளையும் மீண்டும் மீண்டும் கொண்டுவந்து ஊட்டுகின்றன. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் சிட்டுக்குருவிகளின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்தவர்கள், பூச்சி உணவு குறைந்த இடங்களில் குஞ்சுகள் நன்கு வளராமையையும் கூட்டிலேயே இறப்பதையும் கண்டறிந்தனர். வாயில் நிறையக் குஞ்சம் தொங்கினாலும், தோட்டத்தில் புழு இல்லையேல் கூட்டில் குஞ்சு பிழைக்காது.

ஆகவே, குருவிக்குப் பங்களிக்க விரும்புவோர் மூன்றைத் தர வேண்டும். முதலாவது தானியம், அதனைக் குஞ்சமும் கொட்டாங்கச்சியும் தரும். இரண்டாவது பூச்சி, நஞ்சு தெளிக்காத செடியும் வேலியும் அதனைத் தரும். முருங்கையில் புழு கண்டவுடன் மருந்தைத் தேடாமல் சிறிது பொறுத்திருப்பதும் பறவைக்கு உணவிடுவதே ஆகும். மூன்றாவது உறைவிடம். மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மிகுந்த விட்டமுடைய துளையிட்ட மரப்பெட்டியை வெயில் சுடாத சுவரில், இரண்டு ஆள் உயரத்தில் மாட்டினால், ஓட்டிடுக்கின் இடத்தை அது ஓரளவு நிரப்பும்.

வைத்த உணவுக்குப் பறவைகள் வருகின்றனவா, முந்தைய ஆண்டைவிடக் கூடினவா குறைந்தனவா என்பதையும் அறிதல் வேண்டும். தமிழ்நாட்டில் 2015ஆம் ஆண்டு முதல் பொங்கல் விடுமுறை நாள்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி, இ-பேர்டு என்னும் பொதுத் தரவுத்தளத்தில் பதிவு செய்தால் போதும். மாணவர், முதியோர் என எவரும் இதில் பங்கேற்கலாம். சம்பா அறுவடையும் இக்கணக்கெடுப்பும் ஒரே பருவத்தில் அமைந்திருப்பது பொருத்தமானது. புதுக்கதிரில் குஞ்சம் கட்டும் கைகளே, அதனைத் தேடி வரும் குருவிகளையும் எண்ணலாம்.

கதிர்க்குஞ்சம் பறவைக்கு இட்ட பிச்சை அன்று. பயிர் வளரும்போது புழுவைத் தின்று உழைத்த உயிருக்கு, அறுவடையில் அளந்து தரப்பட்ட கூலி அது. வாயிலில் தொங்கும் ஒரு பிடிக் கதிர், விளைச்சலில் தனக்கு மட்டுமே உரிமை உண்டு என மனிதன் எண்ணாதவாறு நாள்தோறும் நினைவூட்டியது. முற்றம் சுருங்கி மாடமாகிவிட்ட இக்காலத்திலும், அந்த ஒரு பிடிக் கதிருக்கு இடம் உண்டு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலும் பள்ளி வளாகத்திலும் காணும் பறவைகளைப் பட்டியலிட்டு, அவை தானியம், பழம், பூச்சி, தேன் ஆகியவற்றுள் எவற்றை உண்கின்றன என வகைப்படுத்துக.

2. உங்கள் ஊர் முதியோரிடம் களம், கதிரடிப்பு, நெல் சேமிப்பு ஆகியவை பற்றிய வட்டாரச் சொற்களைக் கேட்டுத் தொகுத்து, ஒரு சொற்பட்டியல் உருவாக்குக.

3. 'வயலில் ஓட்டுவதும் வீட்டில் ஊட்டுவதும் முரண் அல்ல' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.